பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் கியர்பாக்ஸ்: பொறித்த எழுத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். 500 சி.சி. பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் மோட்டார்சைக்கிள் ஒன்றை, முழுவதும் பிரித்துப்போட்ட நிலையில், நான்கு மரப்பெட்டிகளில் வாங்கியிருக்கிறேன். கியர்பாக்ஸ் 'ஆர்.ஆர்.டி.2' (RRT2) என்ற பந்தய வகை என்று விற்றவர் சொன்னார்; அதன் கூட்டின் மேல் அந்த எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் நண்பரோ, அது பி.எஸ்.ஏ.வின் சாதாரணச் சாலை வண்டியான பி31இன் கியர்பாக்ஸாகவும் இருக்கலாம் என்கிறார். உதிரிபாகங்களுக்குப் பணம் கொடுக்கும் முன்பு, முடிந்தால் அதைத் திறக்காமலேயே, எந்த வகை என்று உறுதிசெய்வது எப்படி?

பதில்: உங்கள் நண்பரின் சந்தேகம் நியாயமானதுதான். ஆர்.ஆர்.டி.2 கியர்பாக்ஸுக்குச் சந்தையில் கிடைக்கும் விலையையும், அலுமினியக் கூட்டில் நான்கு எழுத்துகளைப் பொறிக்க ஒரு சுத்தியலும் அச்சு உளியும் போதும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பொறிப்பு விசாரணையின் தொடக்கமே தவிர தீர்ப்பு அல்ல என்பது விளங்கும்.

முதலில் கூட்டைப் பாருங்கள். இது ஒரு நிமிட வேலை. பி.எஸ்.ஏ.வின் பிளஞ்சர் சஸ்பென்ஷன் (பின் அச்சின் இருபுறமும் செங்குத்தான ஸ்பிரிங் குழல்கள்) கொண்ட இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில், உதாரணமாக ஆரம்பகால ஏ10 கோல்டன் ஃப்ளாஷில், கியர்பாக்ஸ் எஞ்சினின் பின்புறத்தோடு நேரடியாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும்; ஆகவே அதன் முன்முகம் எஞ்சினோடு ஒட்டி உட்காரும்படி தட்டையாகக் கடைசல் செய்யப்பட்டிருக்கும். அத்தகைய கூடு உங்கள் கையில் இருந்தால், அது ஆர்.ஆர்.டி.2 பொருத்தப்பட்ட கோல்டு ஸ்டார்களின் ஸ்விங் ஆர்ம் சட்டத்தில் (பின்சக்கரம் கீலிட்ட கையில் ஏறி இறங்கும் சட்டம்) பொருந்தாது. பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஸ்விங் ஆர்ம் சட்டத்துக்கான கியர்பாக்ஸ், எஞ்சினிலிருந்து பிரிந்து சட்டத்தில் தனியாகத் தொங்குவது. எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் பிரைமரி செயினின் தொய்வை எடுப்பதற்கு அந்தக் கியர்பாக்ஸையே நகர்த்துவார்கள். சிக்கல் இனிமேல்தான். இந்த இரண்டாம் வகைக் கூடு பி31, பி33, பிற்கால ஏ10, கோல்டு ஸ்டார் ஆகியவற்றில் ஏறத்தாழ ஒரே தோற்றம் உடையது. வேறுபாடு உள்ளே, பல்சக்கரங்களிலும் பேரிங்குகளிலும் இருக்கிறது.

பொறிப்பில் 'ஆர்.ஆர்.' என்பது பந்தயச் சாலைக்கான நெருக்கமான கியர் விகிதங்களைக் குறிக்கும். 'டி' (T) என்பது டாரிங்டன் நிறுவனத்தின் ஊசி உருளை பேரிங்கைக் குறிக்கும். சாதாரணச் சாலை வண்டிகளுக்கு 'எஸ்.டி.டி.' (STD) என்ற வகை. எஸ்.டி.டி.யின் உள்விகிதங்கள் (வெளியேறும் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்று சுற்ற, உள்ளே வரும் மெயின் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்) முதல் கியரிலிருந்து வரிசையாக 2.58, 1.76, 1.21, 1.00, ஆர்.ஆர்.டி.2வுக்கு 1.75, 1.33, 1.10, 1.00. இந்த எண்களைக் கியர்பாக்ஸைத் திறக்காமலேயே, ஒரு துளி வெள்ளைப் பெயிண்டின் உதவியால் உங்களால் அளந்துவிட முடியும்.

கியர்பாக்ஸை மேசையில் உறுதியாக நிறுத்தி, இடப்பக்கத்தில் உள்ள ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல்லிலும், அதன் நடுவிலிருந்து வெளியே நீண்டிருக்கும் மெயின் ஷாஃப்ட்டின் முனையிலும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். வளைத்த கம்பி ஒன்றை ஒரு போல்ட்டில் மாட்டி, அதன் நுனியைச் சுட்டுமுள்ளாக நிறுத்துங்கள். இனி கியரைப் போட்டு, வண்டி முன்னால் ஓடும்போது சுற்றும் திசையில், ஸ்ப்ராக்கெட்டைக் கையால் சரியாகப் பத்துச் சுற்று சுற்றி, மெயின் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுங்கள். ஒரே சுற்றில் கண்ணால் மதிப்பிட்டால் 1.21க்கும் 1.10க்கும் வித்தியாசம் பிடிபடாது. பத்துச் சுற்றில் அது 12.1க்கும் 11க்கும் உள்ள வித்தியாசமாகிவிடும், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கும் மேல்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. நான் அதில் விழுந்திருக்கிறேன். எண்களை மீண்டும் பாருங்கள்: எஸ்.டி.டி.யின் இரண்டாவது கியர் 1.76, ஆர்.ஆர்.டி.2வின் முதல் கியர் 1.75. மேசைமேல் கிடக்கும் கியர்பாக்ஸில் நியூட்ரலைத் தாண்டினோமா இல்லையா என்பது காலுக்குத் தெரிவதுபோலக் கைக்குத் தெரியாது. பல வருடங்களுக்கு முன் ஒரு சாதாரண கியர்பாக்ஸின் இரண்டாவது கியரை முதல் கியர் என்று எண்ணிக்கொண்டு, பதினேழரைச் சுற்று வந்ததும் பந்தய வகை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்; மூடியைத் திறந்து வெண்கலப் புஷ்களைப் பார்த்த பிறகுதான் அந்த வரியை அடித்தேன். ஆகவே எண்ணிக்கையை முதல் கியரிலிருந்து தொடங்காதீர்கள். நான்காவது கியரைக் கண்டுபிடித்துத் தொடங்குங்கள். அதில் மெயின் ஷாஃப்ட்டும் ஸ்ப்ராக்கெட்டும் பூட்டப்பட்டதுபோல் ஒன்றாகச் சுற்றும். வேறு எந்தக் கியரோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. அங்கிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வாருங்கள். இரண்டாவதற்கும் முதலாவதற்கும் இடையே நியூட்ரல் வரும். அதில் எண்ணெய்ப் பிசுக்கால் மெயின் ஷாஃப்ட் தானும் கொஞ்சம் இழுபட்டுச் சுற்றும் என்பதால், அதை விரலால் பிடித்து நிறுத்திப் பாருங்கள், நின்றால் நியூட்ரல். லீவரை அசைக்கும்போதெல்லாம் ஸ்ப்ராக்கெட்டையும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தால்தான் உள்ளே பற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். நின்ற நிலையில் லீவரை அழுத்தி மல்லுக்கட்டினால் பல்சக்கரங்களை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க் வளையும்.

மூன்று கீழ்க் கியர்களிலும் பத்துச் சுற்றுக்கு 11, 13.3, 17.5 என்று வந்தால் விகிதங்கள் ஆர்.ஆர்.டி.2வினுடையவை, 12.1, 17.6, 25.8 என்று வந்தால் எஸ்.டி.டி.யினுடையவை. இரண்டுக்கும் ஒத்துவராத எண்கள் வந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை, அவையும் ஏதோ சொல்லவே செய்கின்றன. இந்தக் கியர்பாக்ஸில் நான்காவது தவிர மற்ற எல்லாக் கியர்களிலும் விசை மெயின் ஷாஃப்ட்டிலிருந்து அதற்கு இணையாக உள்ள லே ஷாஃப்ட்டுக்கு இறங்கி, ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் ஸ்லீவ் கியர் வழியாகத் திரும்பி வெளியேறுகிறது. ஆகையால் ஸ்லீவ் கியரையும் அதனோடு இணையும் லே ஷாஃப்ட் பல்சக்கரத்தையும் யாராவது மாற்றியிருந்தால், மூன்று விகிதங்களும் ஒரே வீதத்தில் விலகி நிற்கும். ஒரு கியர் மட்டும் விலகியிருந்தால் அந்தக் கியரின் ஜோடி மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது. பழைய வண்டிகளில் இத்தகைய கலப்பு அபூர்வமல்ல.

விகிதம் பொருந்தினாலும் 'டி' மிச்சமிருக்கிறது. அதற்குத் திறந்துதான் ஆக வேண்டும். எண்ணெயை வடித்து, வலப்பக்கத்து வெளிமூடியையும் உள்மூடியையும் கழற்றி, லே ஷாஃப்ட் உட்காரும் துளைகளைப் பாருங்கள்: சாதாரண வகையில் வழவழப்பான வெண்கலப் புஷ் இருக்கும், ஆர்.ஆர்.டி.2வில் பென்சில் ஈயம்போல் மெல்லிய உருளைகள் வரிசையாகத் தெரியும். பழைய எண்ணெய் கறுத்துப்போய் இரண்டையும் ஒரே நிறமாக்கியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்த பிறகு முடிவுக்கு வாருங்கள்.

இது உண்மையான ஆர்.ஆர்.டி.2 என்று தெரியவந்தால், எஞ்சினின் எண்ணையும் பாருங்கள். 1956இல் வந்த டி.பி.டி.34 (DBD34) கிளப்மேன் வகையில் ஆர்.ஆர்.டி.2 பொருத்தப்பட்டது, அந்த முன்னெழுத்து எஞ்சினில் இருந்தால் கியர்பாக்ஸும் எஞ்சினும் சேர்ந்து பிறந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். சட்டத்தின் வலது கீழ்க்குழாய், ஆயில் பம்ப்புக்கு இடம்விட்டு வளைந்திருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பி31 சட்டத்தில் அந்த வளைவு இராது.

எஸ்.டி.டி. என்று தெரியவந்தால், விற்றவரோடு விலை பேச வேண்டியது உங்கள் பாடு. ஆனால் வண்டியை ஓட்டுவதற்காகவே கட்டுகிறீர்கள் என்றால் நான் அதற்கு வருத்தப்பட மாட்டேன். ஆர்.ஆர்.டி.2வின் முதல் கியரிலேயே மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்பது கேட்க இனிக்கும். பர்மிங்ஹாமின் மாலை நெரிசலில் ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சை நழுவவிட்டு நழுவவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்போது அது வேறுமாதிரி இருக்கும். எதுவானாலும், பல்சக்கரம் வாங்க நேர்ந்தால் ஒற்றையாக வாங்காமல் ஜோடியாகவே வாங்குங்கள். இரண்டு ஷாஃப்ட்டுகளுக்கும் இடைப்பட்ட தூரம் மாறாதது என்பதால், பற்களின் எண்ணிக்கை ஒன்றில் மாறினால் மற்றதிலும் மாறியாக வேண்டும். வாங்குவதற்கு முன் பழையவற்றின் பற்களை எண்ணி, ஜோடி ஜோடியாகத் தாளில் எழுதி, அந்தத் தாளோடு கடைக்குச் செல்லுங்கள்.