தினமும் இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள கிளாக் 19 பிஸ்டல் வாங்குவதா, சிக் பி365 பிஸ்டல் வாங்குவதா? ஹூஸ்டனில் இருக்கிறேன்.

நீங்கள் ஹெச்1பி-யிலோ எஃப்1-இலோ இருந்தால் இந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடுங்கள். அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வக்கீலைப் பார்க்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கடையில் நீட்டும் 4473 படிவத்தில் தப்பாக டிக் அடித்தால் போவது பிஸ்டல் மட்டுமல்ல. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை கிடையாது. உங்களிடம் அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

"அமெரிக்கா போய் ரவுடி ஆயிட்டீங்களா சார்?" என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. துப்பாக்கியைக் கொண்டாடுகிற ஆள் இல்லை நான். காசு போட்டுத் துணி துவைக்கும் காயின் லாண்டரி நடத்துகிறேன். ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு ஒவ்வொரு மெஷினாகத் திறந்து கால் டாலர் காசுகளைப் பையில் கொட்டி, காருக்குத் தூக்கிப் போக வேண்டும். ஆயிரம் டாலர் சில்லறை 22 கிலோவுக்கு மேல் கனக்கும். பக்கத்து டோனட் கடைக்காரரை ஒரு நாள் விடியற்காலையில் வாசலிலேயே மடக்கினார்கள். உயிர் தப்பினார். மறுவாரம் நான் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். "ரெண்டு கையிலயும் பையைப் பிடிச்சிருந்தா இடுப்புல என்ன இருந்து என்ன?" என்று என் மனைவி கேட்டாள். அதற்கு இன்று வரை பதில் இல்லை. தள்ளுவண்டி ஒன்று வாங்கிவிட்டேன்.

நான் முதலில் வாங்கியது நீங்கள் கேட்ட இரண்டும் இல்லை. .380 என்கிற சின்ன ரகக் குண்டு போடுகிற ஒரு குட்டி பிஸ்டல். கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பேன்ட் பாக்கெட்டில் போட்டால் பர்ஸ் மாதிரி கிடக்கும். மறைப்பதுதானே வேலை, சின்னதாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். சுட்டுப் பழகும் ரேஞ்சில் முதல் மேகசின் (குண்டு அடுக்கிய பெட்டி) முடிவதற்குள் புத்தி வந்துவிட்டது. எடை குறையக் குறைய, சுடும்போது கையில் விழும் உதை கூடும். பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம், சுண்டு விரல் அந்தரத்தில். போதாததற்கு, இடது கட்டைவிரலை ஸ்லைடுக்கு, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகத்துக்கு, பின்னால் குறுக்கே போட்டுப் பிடித்திருந்தேன். புதிதாகச் சுடுகிறவர்கள் பலரும் செய்கிற தப்பு. சுட்டதும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து விரல் மடிப்பைக் கிழித்துவிட்டது. துப்பாக்கி மேல் குற்றமில்லை, என் பிடிதான் தப்பு.

மூன்று தையல். அந்த மூன்று தையலுக்கு 1,140 டாலர் பில். ஆஸ்பத்திரி என் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில், அதாவது நெட்வொர்க்கில், இருக்கிறதாம், தைத்த டாக்டர் இல்லையாம்! ரத்தம் ஒழுகும் கையோடு, "ஐயா, நீங்கள் எந்த நெட்வொர்க்?" என்று நான் விசாரித்திருக்க வேண்டுமாம். மாதா மாதம் ஆயிரத்து இருநூறு டாலர் பிரீமியம் கட்டுகிறவன் நான். ஏழு மாதம் போனில் தொங்கி, கடைசியில் பாதியைக் குறைத்தார்கள். கொள்ளைக்குப் பயந்து துப்பாக்கி வாங்கினேன், கொள்ளை தபாலில் வந்தது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

அடுத்து கிளாக் 19. ரேஞ்சில் அதற்கு இணையில்லை. 15 குண்டு, முழுக் கைக்கும் இடம், உதை சுகமாகத் தாங்கும். சட்டைக்குள்தான் தகராறு. குண்டு நிரப்பினால் 850 கிராம் பக்கம் வரும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பலரும் குழாய் நீளத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். அது பேன்ட்டுக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது. சட்டையைத் துருத்திக்கொண்டு காட்டிக்கொடுப்பது பிடிதான். ஜூலை மாத ஹூஸ்டன் புழுக்கத்தில் ஒற்றை டி-ஷர்ட்டோடு இந்தியக் கடையில் குனிந்து சோனா மசூரி மூட்டையைத் தூக்கினேன். பின்னால் நின்ற மாமி என் இடுப்பையே பார்த்தார், பிறகு மெதுவாக அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார். அந்த வாரமே அது பெட்டகத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்கு நல்ல காவல், இடுப்புக்கு ஆகாது. ஆறடி ஆள், அகலமான உடம்பு என்றால் உங்களுக்கு அது சரிப்படலாம், சண்டைக்கு வராதீர்கள்.

இப்போது இடுப்பில் இருப்பது பி365. 2018-இல் அது வருவதற்கு முன் அந்த அளவில் ஆறேழு குண்டுதான் கொள்ளும். இதில் பத்து. நான் 12 குண்டு மேகசின் போட்டிருக்கிறேன். இரண்டு குண்டுக்காக இல்லை, அது கொஞ்சம் நீளம் என்பதால் சுண்டு விரலுக்கு இடம் கிடைக்கிறது. மேகசினோடு அரைக் கிலோதான். கிளாக்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் 43எக்ஸ் பாருங்கள், ஒல்லியானது. எதுவானாலும் வாங்குவதற்கு முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து நூறு குண்டாவது சுடுங்கள். என் மனைவிக்கு ஸ்லைடை இழுக்க வரவில்லை என்றதும், ஐந்து குண்டு ரிவால்வர் ஒன்றை "லேடீஸுக்கு இதுதான்" என்று நீட்டினான் கடைப் பையன். உள்ளங்கை அளவு, கல் மாதிரி இறுகிய ட்ரிக்கர், கழுதை உதை. அவள் ஒரே ஒரு முறை சுட்டுவிட்டு மேஜையில் வைத்தாள்.

துப்பாக்கி உறையில், அதாவது ஹோல்ஸ்டரில், கஞ்சத்தனம் வேண்டாம். ட்ரிக்கரை முழுசாக மூடும், கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் உறை வாங்குங்கள், துணிப் பை மாதிரியானது வேண்டவே வேண்டாம். கூடவே கெட்டியான பெல்ட். சாதாரண பெல்ட் அரை மணியில் மடங்கிக்கொள்ளும். தொப்புளுக்குக் கீழே முன்பக்கம் வைப்பதுதான் சிறந்தது என்று வீடியோக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சோறு சாப்பிடுகிறவர்கள் இல்லை. என் தொப்பைக்கு வலது இடுப்பின் பின்பக்கம்தான் ஒத்துவருகிறது.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பி, தடை எதுவும் இல்லாதவர்களுக்கு பிஸ்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போக லைசென்ஸ் தேவையில்லை. ஆனாலும் எடுத்துவிடுங்கள், வேறு மாநிலம் போனால் உதவும். வாசல் போர்டில் சிவப்பில் 51 என்று போட்ட, வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவில் வருகிற பார்களுக்குள் கொண்டு போகக் கூடாது. தபால் ஆபீஸ் பார்க்கிங்கில்கூட ஆகாது. 17 வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், குண்டு போட்ட துப்பாக்கியை அலட்சியமாக வைத்து அது பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் குற்றம் உங்களுடையது. அதனால் பெட்டகம் கட்டாயம்.

போன பொங்கலுக்கு, தாத்தா வேட்டிக்குக் கட்டுகிற அந்தப் பச்சை பெல்ட்டில் ஹோல்ஸ்டரை மாட்டிப் பார்த்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் பெல்ட்டே சுற்றிக்கொண்டு பிஸ்டல் முன்னால் வந்து தொங்கியது. மனைவி சிரித்த சிரிப்பில் பொங்கல் பொங்கியதைக் கவனிக்கவில்லை. கழற்றிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, பெல்ட் பையில் செல்போனைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பினேன்.