72-ஆல பெருக்கிப் பாருங்க

கடிதம்:

அண்ணே வணக்கம். நீங்க பிளாஸ்டிக் மாடல் விமானம் ஒட்டுறதைப் பத்தி எழுதினதைப் படிச்சுட்டுதான் நானும் இதுல இறங்கினேன். இப்ப கையில இருக்கிறது எஃப்-4ஜே ஃபேண்டம் (அமெரிக்க கடற்படையோட போர் விமானம்), 1/72, அதாவது நிஜத்துல 72-ல ஒரு பங்கு அளவு, பழைய மோல்டு. பேனல் கோடெல்லாம் (விமானத்தோட தகடுகள் சேர்ற இடத்தைக் காட்டற கோடு) குழிவா இல்லாம மேல புடைச்சுக்கிட்டு இருக்கு. பெட்டியில வந்ததை அப்படியே ஒட்டினா நல்லா இருக்காதுன்னு எல்லாரும் சொன்னதால ரெசின்ல வார்த்த காக்பிட் (விமானி உக்கார்ற அறை), ஃபோட்டோ எட்ச் ஷீட் (நுணுக்கமான பாகங்கள் இருக்கிற மெல்லிசு உலோகத் தகடு), ரெசின் எக்ஸாஸ்ட் (இன்ஜின் நெருப்பு வெளிய வர்ற குழாய்) எல்லாம் தனியா வாங்கிட்டேன் (காக்பிட் எஃப்-4இ-க்கு வந்தது, ஜே-க்கு கிடைக்கல). புடைச்ச கோட்டை எல்லாம் தேச்சுட்டு புதுசா கீற ஆரம்பிச்சேன். இடது ரெக்கை முடிஞ்சுது, வலது ரெக்கையில ஊசி வழுக்கி குறுக்க ஒரு நீளக் கீறல். அதோட பெட்டியை மூடினவன்தான், எட்டு மாசமாச்சு. எல்லா கோட்டையும் கீறித்தான் ஆகணுமா? எதை முதல்ல சரி பண்றது? இதுக்கு முன்னாடி ஒட்டின மாடல்ல டிகாலைச் (தண்ணியில நனைச்சு ஒட்டற சின்னம், எழுத்து) சுத்தி வெள்ளி பூத்த மாதிரி தெரியுது, அது ஏன்? போட்டோ இணைச்சிருக்கேன். பேர் போட வேண்டாம்.

பதில்:

வணக்கம் தம்பி. போட்டோ பார்த்தேன். முதல்ல அந்தக் கீறலை முடிச்சுடுவோம், ஏன்னா எட்டு மாசமா உங்களை உக்கார வெச்சிருக்கிறது அது ஒண்ணுதான். கீறல் மேல சூப்பர் க்ளூவை பல்குச்சி நுனியால தொட்டு இழுத்து விடுங்க, குழி ரொம்பி இம்மியளவு மேல எழும்பி நிக்கணும், காஞ்சதும் அன்னிக்கே தேச்சுடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா அது சுத்தியிருக்கிற பிளாஸ்டிக்கை விட கெட்டியாயிடும், அப்புறம் தேய்க்கத் தேய்க்க பிளாஸ்டிக்தான் கரையும், க்ளூ மட்டும் வரப்பு மாதிரி நிக்கும். 400 பேப்பர்ல ஆரம்பிச்சு 600, 1000னு தண்ணி தொட்டுத் தேச்சா பத்து பதினஞ்சு நிமிஷ வேலை. அந்த இடத்துக்கு புட்டி வேண்டாம், புட்டி மேல மறுபடி கோடு போனா ஓரம் பொரிஞ்சு பொரிஞ்சு வரும்.

அவ்வளவுதான் கீறல். இனி பெரிய கேள்விக்கு வரேன்.

எனக்கு ஒரு பழக்கம். மாடல்ல எது கண்ணை உறுத்தினாலும் ஸ்கேலை வெச்சு அளந்து 72-ஆல பெருக்கிப் பாப்பேன் (1/48னா 48-ஆல). நீங்க கீறின கோடு 0.2 மி.மீ அகலம்னு வெச்சுக்கோங்க, நிஜ விமானத்துல அது 14 மி.மீ வருது, சுண்டு விரலை உள்ள விட்டுடலாம். நிஜத்துல ரெண்டு தகடு சேர்ற இடத்துல ஒரு மி.மீ இடைவெளி இருந்தா அதுவே ஜாஸ்தி, அதை 72-ஆல வகுத்தா 0.014, தலைமுடியை விட மெல்லிசு. அப்ப புடைச்ச கோடும் பொய், குழிஞ்ச கோடும் பொய். ரெண்டாவது பொய் நம்ம கண்ணுக்குப் பழகிடுச்சு, அதுல வாஷ் (தண்ணியா கரைச்ச கருநிறப் பெயிண்ட்) ஓட்டினா அழகா நிக்குது, அதனால அதுதான் சரின்னு ஆயிடுச்சு. இதுக்காக ஒருத்தர் ரெண்டு மாசம் குனிஞ்சு உக்காந்து கழுத்து வலி வாங்கிக்கணுமான்னா, என்னைக் கேட்டா வேண்டாம்.

நான் என்ன பண்ணுவேன்னா, நிஜத்துலயே இடைவெளி இருக்கிற இடத்தை மட்டும் கீறுவேன். ரெக்கையில அசையற ஃபிளாப், ஏலரான், வால்ல அசையற ரட்டர், ரெக்கை மடியற கோடு, அப்புறம் அடிக்கடி திறந்து மூடற ஒண்ணு ரெண்டு மூடி. அதை ரெண்டு மூணு தடவை இழுத்து நல்லா ஆழமாவே கீறலாம். மத்த பேனல் எல்லாம் ஒரே தடவை லேசா இழுத்தா போதும், இல்ல கோடே இல்லாம பெயிண்ட்ல ஒரு ஷேடு தள்ளி அடிச்சுக்கூட காட்டிடலாம். இடது ரெக்கையில ஏற்கனவே எல்லாத்தையும் ஆழமா கீறிட்டீங்களே, அது வலதோட ஒத்துப் போகாதேன்னு நினைக்கிறீங்க, ப்ரைமரை ரெண்டு கோட் கூடுதலா அடிச்சு தேச்சா பாதி குழி தானா அடைஞ்சுடும். வழுக்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் கை அழுத்தம், முதல் இழுப்புல ஊசியோட வெயிட் மட்டும்தான் இருக்கணும், ஓரத்துல கெட்டியான லேபிள் டேப்பை ஒட்டி அதோட அணைச்சு இழுங்க, மாஸ்கிங் டேப் இதுக்கு ஆகாது, ஊசி அதையே கிழிச்சுக்கிட்டுப் போயிடும்.

இப்ப அதே கணக்கை ரெக்கையோட பின் விளிம்புல போடுங்க. நீங்க ஸ்கேலைப் பக்கத்துல வெச்சு எடுத்த போட்டோ ஒண்ணு இருக்கே, அதுல பாத்தா 0.8 மி.மீக்கு குறையாது. பெருக்கினா 58 மி.மீ! ரெண்டு இஞ்சுக்கு மேல, சப்பாத்திக்கட்டை மாதிரி. நிஜத்துல அங்க சில மி.மீதான். ஒரு மாடலைப் பாத்த உடனே ஏன்னே தெரியாம பொம்மை மாதிரி இருக்கேன்னு தோணும் பாருங்க, பாதி நேரம் அதுக்குக் காரணம் இந்தத் தடி விளிம்புதான், கோடு இல்ல. உங்க நல்ல நேரம் ரெக்கையோட மேல் பாதியும் கீழ் பாதியும் இன்னும் ஒட்டாம இருக்கு. கீழ் பாதியோட உள்பக்கத்தை, வெளிப்பக்கத்தைத் தொடவே தொடாதீங்க, கண்ணாடி மேல 320 பேப்பரைப் போட்டு அந்த உள்பக்கம் பேப்பர் மேல படற மாதிரி வெச்சு பின் விளிம்புப் பக்கமா அழுத்தித் தேயுங்க. நடுநடுவுல லைட்டுக்கு நேரா தூக்கிப் பாருங்க, விளிம்புல பிளாஸ்டிக் வழியா வெளிச்சம் கசிய ஆரம்பிக்கும், அப்ப நிறுத்திடணும். ரெண்டு ரெக்கைக்கும் சேத்து ஒரு சாயங்காலம் ஆகும். நீங்க வாங்கின எல்லா ரெசினையும் விட இந்த ஒரு சாயங்காலம் அந்த மாடலை மாத்தும்.

அடுத்தது கோணம். இதைப் பத்தி யாரும் உங்களுக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. ஃபேண்டத்தை தூரத்துலேர்ந்தே அடையாளம் கண்டுபிடிக்கிறோமே, எதை வெச்சு? ரெக்கை நுனி மேல தூக்கியிருக்கும், வால் ரெக்கை கீழ தொங்கும். 1958-ல முதல் தடவை பறக்கறதுக்கு முன்னாடியே விண்ட் டனல் சோதனையில பக்கவாட்டு நிலைப்பு போதலைன்னு தெரிஞ்சுது, மொத்த ரெக்கையையும் 5 டிகிரி மேல தூக்கணும். ஆனா நடுப்பகுதி டைட்டானியம், அதை மறுபடி டிசைன் பண்றது பெரிய வேலை, அதனால வெளி நுனியை மட்டும் 12 டிகிரி தூக்கிட்டாங்க, சராசரி பாத்தா கணக்கு சரியாப் போச்சு. வால் ரெக்கை 23 டிகிரி கீழ, எக்ஸாஸ்ட் நெருப்புலேர்ந்து தள்ளியும் இருக்கணும், மூக்கைத் தூக்கிப் பறக்கும்போது பிடிமானமும் கிடைக்கணும்னு. இந்த ரெண்டு கோணமும் பிசகினா காக்பிட்ல நீங்க எத்தனை ஸ்விட்ச் வெச்சாலும் அது ஃபேண்டமா தெரியாது.

அட்டையில ஒரு அளவு வெட்டிக்கோங்க: 50 மி.மீ படுக்கைக் கோடு, அதோட ஒரு முனையிலேர்ந்து நேரா 21 மி.மீ, முக்கோணமா சேத்தா 23 டிகிரி. அதே 50-க்கு பத்தரை மி.மீ வெச்சா 12 டிகிரி. 1/72ல ரெக்கை நுனி, மடியற கோட்டை விட கிட்டத்தட்ட 5 மி.மீ உயரத்துல நிக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. க்ளூ காயற வரைக்கும் அட்டையை முட்டுக் கொடுத்து வெச்சுட்டு தூங்கப் போயிடுங்க, தொட்டுப் பாக்காதீங்க.

காக்பிட்டுக்கு வருவோம். கோவிச்சுக்காதீங்க, அந்த எஃப்-4இ காக்பிட்டை உங்க ஜே-க்குள்ள வெச்சீங்கன்னா சரியா இருந்ததைத் தப்பாக்கறீங்க. இ விமானப்படையோடது, ஜே கடற்படையோடது. விமானப்படை ஃபேண்டத்துல பின் சீட்டுலயும் கண்ட்ரோல் ஸ்டிக் உண்டு, கடற்படை ஃபேண்டத்துல பின்னாடி உக்காந்தவர் ரேடார் பாக்கறவர், ஓட்டறவர் இல்ல, அவருக்கு ஸ்டிக்கே கிடையாது. எக்ஸாஸ்ட் பரவாயில்ல, இ-யிலயும் ஜே-யிலயும் நீளமான நாசில்தான், தாராளமா போடலாம். சீட்டு ரெண்டையும் எடுத்துக்கோங்க, அது கேனோபி (காக்பிட்டை மூடற கண்ணாடி) கிட்ட வரைக்கும் எழும்பி நிக்கும், தலைக்கு மேல இருக்கிற அந்த மஞ்சள் கருப்பு வரி போட்ட வளையத்தை மட்டும் நல்லா பெயிண்ட் பண்ணுங்க, வெளியிலேர்ந்து தெரியறது அதுதான். மத்ததை பெட்டியில போட்டு வையுங்க.

இதை ஏன் இவ்வளவு அடிச்சு சொல்றேன்னா நானே மாட்டினவன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஃபேண்டத்துக்கு ரெசின் காக்பிட் வாங்கி, அது உள்ள போகலைன்னு அதோட அடியைத் தேச்சேன், பக்கத்தைத் தேச்சேன், உடம்போட உள்சுவரைத் தேச்சேன், ஒரு கட்டத்துல லைட்டுக்கு நேரா பிடிச்சா விமானத்தோட பக்கச்சுவர் வழியா என் விரல் நிழல் தெரியுது. அப்பவும் ரெண்டு பாதியும் சேரல, மூக்குகிட்ட ரெண்டு மி.மீ வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுது, கிளிப் போட்டு இறுக்கி ஒட்டினேன், அது மூக்கை மூடி ரெக்கை சேர்ற இடத்தைத் திறந்து விட்டுது. அதை புட்டியால அடைச்சு, தேச்சு, சுத்தியிருந்த கோடெல்லாம் போயி, மறுபடி கீறி... கடைசியில கேனோபியை மூடி ஒட்டினேன். அந்தக் கேனோபி பிளாஸ்டிக் ஒரு மி.மீ தடிமன், பெருக்கிக்கோங்க, 72 மி.மீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இருட்டு. பாக்க வந்த யாருமே உள்ள என்ன இருக்குன்னு கேக்கல. எல்லாரும் கேட்டது ரெக்கைகிட்ட ஏன் மேடா இருக்குன்னுதான். (ரெசினைத் தண்ணி தொட்டுத் தேயுங்க, மாஸ்க் போடுங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நான் அதுவும் பண்ணல அப்ப.)

அதனால முதல்ல க்ளூ இல்லாம எல்லாத்தையும் டேப் போட்டு சேத்துப் பாருங்க, ரெக்கையும் உடம்பும் சேர்ற இடத்துல இடைவெளி இருந்தா புட்டிக்கு ஓடாதீங்க, உடம்புக்குள்ள ஸ்ப்ரூ (பாகங்களைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் குச்சி) துண்டு ஒண்ணைக் குறுக்க வெச்சு உடம்பைக் கொஞ்சம் அகட்டினா பல தடவை இடைவெளி தானா மூடிடும். உடம்போட ரெண்டு பாதியை ஒட்டும்போது தண்ணி மாதிரி இருக்கிற லிக்விட் சிமெண்ட்டை இடுக்குல பிரஷ்ஷால தொட்டா போதும், அதுவே உறிஞ்சிக்கிட்டு ஓடும், கொஞ்ச நேரம் விட்டு லேசா அமுக்குங்க, உருகின பிளாஸ்டிக் நூல் மாதிரி மேல பிதுங்கி வரும். அதைத் தொடைக்கக் கூடாது! ரெண்டு நாள் கழிச்சு பிளேடால சுரண்டினா தையலே இல்லாம போயிடும், இடுக்கை அடைக்கறது அந்த பிளாஸ்டிக்கேதான்.

டிகால் வெள்ளி பூக்கறது காத்துனால. மேட் பெயிண்ட் மேல்பரப்பு சொரசொரன்னு இருக்கும், டிகால் அதோட மேடுகள் மேல மட்டும் உக்காரும், நடுவுல காத்து மாட்டிக்கும், அந்தக் காத்துதான் பளபளன்னு தெரியறது. டிகால் போடறதுக்கு முன்னாடி பளபளப்பா கிளியர் கோட் அடிச்சுடுங்க, செட்டிங் சொல்யூஷன் (டிகாலை மெதுவாக்கி பரப்போட ஒட்டிக்க வைக்கிற திரவம்) தடவுங்க, எல்லாம் முடிஞ்ச பிறகு மேட் கோட். ஏற்கனவே பூத்த பழைய மாடல்ல கிளியர் கோட் ஏதும் அடிக்காம இருந்தீங்கன்னா ஊசியால அங்கங்க குத்தி சொல்யூஷனை விட்டுப் பாருங்க, பாதியாவது அடங்கும்.

பெயிண்ட்ல ஒண்ணே ஒண்ணு. ஜே-க்கு நீங்க போடப் போறது மேல சாம்பல் கீழ வெள்ளை, 1955-லேர்ந்து அமெரிக்க கடற்படை அடிச்ச அந்த ஸ்கீம்தானே, அதுல அசையற பாகமெல்லாம் மேல்பக்கமும் வெள்ளைதான், ஃபிளாப், ஏலரான், ரட்டர், வால் ரெக்கை. நிறைய பேர் மேல முழுசா சாம்பல் அடிச்சுட்டு அப்புறம் போட்டோ பாத்து தலையில கை வைப்பாங்க. எக்ஸாஸ்டுக்குப் பின்னாடி வாலோட அடியில பெயிண்டே கிடையாது, வெறும் உலோகம், சூடு பட்டு பட்டு ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு நிறமா இருக்கும், ஒண்ணு வைக்கோல் நிறம், பக்கத்துல இருக்கிறது நீலம் ஓடின மாதிரி. அங்க கை கூசாம நேரம் செலவு பண்ணுங்க. அடியில பளபளப்பா கருப்பு அடிச்சுட்டு மேல மெட்டாலிக் போடுங்க, ஒரே பாட்டில்ல கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் நீலம் கலந்து தகடு தகடா மறைச்சு அடிச்சா பாக்கறவங்க கண்ணு அங்கதான் போயி நிக்கும்.

எட்ச் ஷீட்டை என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். ஃபேண்டம் சக்கரத்தை இறக்கி நிக்கும்போது அடிவயித்துல இன்ஜினுக்குக் கீழ ரெண்டு சின்னக் காத்துக் கதவு திறந்து தொங்கும். உங்க போட்டோவுல அது மூடின மாதிரி உடம்போடவே சேந்து வார்த்திருக்கு. அதை வெட்டித் திறந்தீங்கன்னா கதவு செய்ய மெல்லிசா தகடு வேணும், எட்ச் ஷீட்ல பாகத்தைச் சுத்தி ஒரு பித்தளைச் சட்டம் இருக்கும் பாருங்க, தூக்கிப் போடுவோமே, அதுல அகலமான இடத்துலேர்ந்து ரெண்டு துண்டு வெட்டினா கச்சிதமா வரும்.