நகைக்கடைத் தராசில் வைப்பதற்கு முன்

கேள்வி: அம்மம்மாவின் பெட்டகத்தில் ஒரு துணிப்பை நிறைய வெள்ளிக் குற்றிகள் கிடந்தன. விக்டோரியா மகாராணி தலை போட்ட இந்திய ரூபாய்கள், இலங்கை ஐம்பது சதங்கள், புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் ஒன்று, எல்லாம் கறுத்துவிட்டன. கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்றில் நிறைக்குத்தான் காசு என்றார்கள். முகநூலில் ஒரே குற்றிக்கு லட்சக்கணக்கில் விலை போடுகிறார்கள். எதை நம்புவது?
- வாசகி, கொக்குவில்

பதில்: முதலில் ஒன்று. தயவுசெய்து அவற்றைத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குப் போல நினைத்துத் திருநீறும் பழப்புளியும் போட்டு மினுக்கி எடுத்த குற்றியைச் சேகரிப்பாளர் கையில் வாங்கியவுடனேயே கண்டுபிடித்துவிடுவார், அதோடு பாதி விலை போய்விடும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து உண்டாவது, அது அப்படியே இருக்கட்டும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டியும் வைக்காதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு.

நகைக்கடைக்காரர் உருக்குவதற்காக வாங்குகிறார், அவர் நிறை பார்ப்பது நியாயம்தான். அந்தக் கணக்கை நீங்களே போடலாம். 1939 வரைக்குமான பிரித்தானிய இந்திய ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 வீதம் வெள்ளி, ஆகவே சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. இலங்கை ஐம்பது சதம் 5.83 கிராம், 1917 வரை 80 வீதம் வெள்ளி, 1919இலிருந்து 55 வீதம். உங்கள் ஐந்து ரூபாய் 1957இல் வந்தது, 28.28 கிராம், 92.5 வீதம், பையில் வெள்ளி கூடியது அதுதான். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிவிலை தெரிந்துவிடும். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அதற்கு மேலே எவ்வளவு என்பதை அந்த ஆண்டுக் குற்றி எவ்வளவு அரிது என்பதும் தேய்மானமும்தான் சொல்லும், வயது மட்டும் அல்ல. விக்டோரியா ரூபாய்களில் 1862 என்று இருந்தால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், அந்த ஆண்டை மாற்றாமலே பத்து வருடத்துக்கு மேல் அடித்துத் தள்ளினார்கள். ஐந்தாம் ஜோர்ஜின் 1911 ரூபாய் தேடப்படுவது. அரசர் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று ஆட்சேபம் எழுந்து, மீளப்பெற்று உருக்கினார்கள். 1939 ரூபாய் உண்மையிலேயே அரிது, அதனாலேயே போலியும் அதிகம். தேய்மானம் பார்க்க, விக்டோரியா மகாராணியின் கிரீடத்தில், உடைப் பூவேலையில் கோடுகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். வளையம் ஒட்டிக் காசுமாலையில் கோத்ததென்றால், பற்றுவைத்த தடம் இருக்கும், அது நிறைக்கு மட்டுமே போகும்.

முகநூல் விலையை விடுங்கள். அது கேட்கிற விலை, விற்ற விலை இல்லை. ஏலங்களில் முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள்.

போலி என்று சந்தேகம் வந்தால், காந்தம் ஒட்டவில்லை என்பது மட்டும் போதாது, செம்பும் ஒட்டாது. சின்ன டிஜிற்றல் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். குற்றியை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதாகத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 1939 வரைக்குமான நல்ல ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். 1.3 வந்தால் செம்பாகவோ, செம்பும் நிக்கலும் கலந்ததாகவோ இருக்கலாம், நல்ல வெள்ளி ரூபாய் இல்லை.

கேள்வி: சேது என்று எழுதி நந்தி போட்ட பழைய காசு ஒன்று இருக்கிறது. கனடாவில் உள்ள அண்ணாவுக்குக் கொடுத்தனுப்பலாமா?
- வாசகர், நல்லூர்

பதில்: அனுமதி இல்லாமல் அனுப்பாதீர்கள். அது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் அடித்த காசு. 1815 மார்ச் 2க்கு முந்தியவை நம் நாட்டுச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாடு கொண்டுபோகத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்புங்கள், காசு இங்கேயே இருக்கட்டும்.