சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவர்

அன்புள்ள அண்ணா,

ஒரு மாதமாக கவுன்ட் பேஸியின் இசைக்குழுவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1930களில் அமெரிக்காவே ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசைக்கு ஆடியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அந்தப் பெரிய குழுக்கள் எப்படிக் கலைந்தன? அதே காலத்தில் இன்னொரு குழுவை நடத்திய கிளென் மில்லர் பெரியவரா, பேஸியா? அப்புறம், பழைய வீடியோக்களில் ஒரு கிடார்காரர் கடைசிவரை தனியாக எதுவும் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாசிப்பது கேட்கவே இல்லை. சும்மா சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தாரா?

ர.

அன்புள்ள ர.,

மில்லரா பேஸியா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. குழுக்கள் கலைந்ததற்குப் பெரிய காரணம் இரண்டாம் உலகப் போர். வாசிப்பவர்களைப் படைக்கு எடுத்தார்கள். பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்தபிறகு பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியவில்லை. 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்தியது. சங்கத்தில் இல்லாத பாடகர்கள் பக்கம் சந்தை சாய்ந்தது. 1944இல் கேளிக்கை விடுதிகள் மேல் வரி. இது போதும்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். யாரைப் பார்த்து இப்படிக் கேட்டீர்கள் தெரியுமா? ஃப்ரெடி கிரீன். 1937இல் பேஸியிடம் சேர்ந்தவர். நடுவில் ஒரு சின்ன இடைவெளி, மற்றபடி 1987இல் சாகும்வரை அதே நாற்காலி. 1984இல் பேஸியே போய்விட்டார், இவர் எழுந்திருக்கவில்லை.

அதே குழுவில் வால்டர் பேஜ் வாசித்த பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்குச் சுருதி உண்டு, கூர்மை குறைவு. டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸின் ஹை-ஹாட்டுக்கு, அதாவது காலால் மிதித்து மூடும் ஜோடித் தாளத்துக்கு, கூர்மை உண்டு, சுருதி இல்லை. இரண்டையும் ஒட்டித் தைத்தது கிரீனின் கிடார், சுற்றுக்கு நாலு தட்டாக, இரவு முழுக்க. அந்தத் தையல் பிரியாது என்ற தைரியத்தில்தான் பேஸி பியானோவில் இரண்டு சுரம் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். நீங்கள் ‘என்ன ஸ்டைல்!’ என்று ரசித்திருப்பீர்கள்.

கிரீன் ஒருசமயம் மின்சார கிடார் வாங்கிவந்து தனி வாசிக்க ஆரம்பித்தாராம். அடியில் தாளம் தொய்ந்துவிட்டது. கூட வாசித்தவர்களே யாருக்கும் தெரியாமல் அந்த ஆம்பிளிஃபையரைக் கெடுத்துவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, எனக்குப் பிடித்த கதை.

கோபப்படுகிறேனே தவிர, தம்பி, எனக்கும் பல வருஷம் அவர் கேட்கவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் என்னிடம் ஒரு ஹெட்ஃபோன் இருந்தது, ஒரு பக்கம் செத்தது. அதில் பேஸி குழுவின் 1950களின் ஸ்டீரியோ பதிவு ஒன்றைக் கேட்டேன். ஊதல்களில் பாதி காணோம். அந்தக் காலியிடத்தில் சக், சக், சக், சக். அறைக்குள் யாரோ வெங்காயம் நறுக்குகிற மாதிரி. விளக்கைக்கூடப் போட்டுப் பார்த்தேன். பிறகு சம்பளம் வந்து நல்ல ஹெட்ஃபோன் வாங்கினேன். சத்தம் மறுபடி உள்ளே போய்விட்டது. ஆனால் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டதே.

இன்றிரவு ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேளுங்கள். பிடிபடவில்லை என்றால் அடுத்த காதுக்கு மாற்றுங்கள். கேட்ட பிறகு கடிதம் போடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.