உங்களுக்குப் பிடித்த சரித்திர நாவலாசிரியர் யார்? கல்கியைத் தவிர்த்துச் சொல்லுங்கள்

சாண்டில்யன். யோசிக்கவே வேண்டியதில்லை.

கல்கியையும் சேர்த்துக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். எங்கள் மாயவரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கல்கி பிறந்த புத்தமங்கலம் மணல்மேட்டுக்குப் பக்கம். சாண்டில்யனின் பூர்வீகம் பரிமள ரங்கநாதர் கோயில் இருக்கும் திருஇந்தளூர். யாரைத் தூக்கிப் பிடித்தாலும் ஊர்ப்பெருமைக்குக் குறைவில்லை.

எண்பதுகளில் என் அப்பா மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் லெண்டிங் லைப்ரரி வைத்திருந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அறை. இருபது ரூபாய் டெபாசிட், புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லாவில் நான் உட்காருவேன். ஆக, சாண்டில்யனைப் படிப்பதற்கு முன்பே அவரைப் படிப்பவர்களைப் பார்த்துவிட்டேன்.

'கடல் புறா' மூன்று பாகம். எங்களிடம் இரண்டு செட் இருந்தது. இருந்தும் இரண்டாம் பாகம் தட்டில் இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் பாகத்தை முடித்துவிட்டு ஒருவர் மூச்சிரைக்க வந்து நிற்பார். இரண்டாம் பாகம் ரைஸ் மில் கணக்குப்பிள்ளை வீட்டில் இருக்கும். "அவர் வீடு எங்க தம்பி?" என்று கேட்டுக்கொண்டு நேரே அங்கே போனவர்கள் உண்டு. ஒரு தபால்காரருக்கு அந்தச் சிரமமும் இல்லை. தபால் கொடுக்கப் போகும் வீடுகளிலேயே யாரிடம் எந்தப் பாகம் இருக்கிறது என்று விசாரித்து, பைக்குள் போட்டுக்கொண்டு சாயங்காலம் கடைக்கு வருவார். "இவரு பேர்ல வரவு வெச்சு என் பேர்ல எழுதிக்கங்க" என்பார். அப்பாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. ஆனாலும் எழுதிக்கொள்வார்.

வீட்டுப் பெண்கள் பையன்களிடம் சீட்டு கொடுத்தனுப்புவார்கள். "சாண்டில்யன், படிக்காதது" என்று மட்டும் இருக்கும். யார் எதைப் படித்திருக்கிறார்கள் என்பது எங்கள் நோட்டில் இருக்கும் என்ற நம்பிக்கை. படித்ததையே தவறிக் கொடுத்தனுப்பினால் திரும்பி வரும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் வராது. இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பென்சில் குறிப்புகள். சாண்டில்யனைப் படித்தவர்களுக்குத் தெரியும், கதாநாயகி உள்ளே வந்தால் கதை அப்படியே நின்றுவிடும். கூந்தலில் ஆரம்பித்து அவர் சாவகாசமாக இறங்கி வரும்போது, வெளியே எதிரிப் படை காத்துக்கொண்டிருக்கும். எங்கள் 'மன்னன் மகள்' பிரதியில் அப்படி ஓர் இடத்தின் ஓரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: "சண்டை வேண்டுபவர்கள் நாலு பக்கம் தாண்டவும்." அதற்குக் கீழேயே வேறொரு கையெழுத்து: "தாண்ட வேண்டாம்." அப்பா ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், இரண்டையும் படித்துவிட்டு வைத்துவிட்டார்.

1987 செப்டம்பரில் சாண்டில்யன் இறந்த செய்தி பேப்பரில் வந்த அன்று சாயங்காலம் சாண்டில்யன் தட்டு காலி. எல்லாம் ஏற்கெனவே படித்தவர்கள்தான். யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வந்தார்கள், கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பா வாடகையைக் குறைக்கவில்லை, அதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை.

வீட்டில் இன்னொரு பொக்கிஷம் இருந்தது. குமுதத்தில் தொடராக வந்தபோது பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்த 'யவன ராணி', ஓவியர் லதாவின் படங்களோடு. அம்மா கல்யாணமாகி வந்தபோது டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தது. நடுவில் ஒரு வாரத்து இதழ் மட்டும் தாத்தா வீட்டில் தவறிப்போயிருக்கிறது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, அந்த அத்தியாயம் முழுவதையும் அம்மா கோடு போட்ட தாளில் மையால் எழுதி, சரியான இடத்தில் சேர்த்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை விடவில்லை, வர்ணனை உட்பட. சாண்டில்யனின் வாக்கியங்கள் எவ்வளவு நீளம் என்று தெரிந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய வேலை என்று புரியும். எழுவாயை விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றி, பத்து வரி கழித்துத்தான் பயனிலைக்கு வருவார்.

சரி, அவரிடம் அப்படி என்னதான் இருக்கிறது?

எனக்கு அது கடல். காவிரிக் கரையில் வளர்ந்தவனுக்கு, பூம்புகார் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருந்தும், கடல் என்றால் பள்ளி சுற்றுலாவில் கால் நனைப்பதுதான். 'கடல் புறா'வில்தான் அது போக்குவரத்துள்ள இடம் என்று புரிந்தது. கலிங்கத்தின் பாலூர்த் துறைமுகத்தில் கதை தொடங்குகிறது. அப்புறம் கடாரம், ஸ்ரீவிஜயம் என்று கிழக்கே போய்க்கொண்டே இருக்கிறது. கடல் புறா என்பதே ஒரு கப்பலின் பெயர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பாய்மரத்தை எப்படித் திருப்புவது, பெரிய கப்பலைச் சின்னக் கப்பல் எந்த இடத்தில் மடக்கலாம் என்பதெல்லாம் அங்கே கதையை நகர்த்தும் விஷயங்கள். நாயகனுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பவன் அகூதா என்ற சீனக் கடற்கொள்ளைக்காரன், கூடவே நிற்பவன் அமீர் என்ற அரபு நாட்டு முரடன். 'யவன ராணி'யில், பருவக்காற்றின் போக்கை வைத்துக் கடல் தாண்டியதாகச் சொல்லப்படும் கிரேக்க மாலுமி ஹிப்பலாஸையே பாத்திரமாக்கிவிட்டார். 'ஜலதீப'த்தில் கொங்கணக் கரைக்குப் போய் மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயிடம் நம்மைச் சேர்த்துவிடுகிறார். ராபர்ட் கிளைவைப் பற்றி 'ராஜ பேரிகை', ஹூணர் படையெடுப்பைப் பற்றி 'மலைவாசல்'. தஞ்சை, காஞ்சியோடு நிற்கிற மனுஷர் இல்லை.

அடுத்தது போர்த்தந்திரம். கல்கியின் வந்தியத்தேவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வான், அப்புறம் தப்பிக்க வழி தேடுவான். சாண்டில்யனின் நாயகனுக்கு மாட்டிக்கொள்வதே திட்டத்தில் ஒரு பகுதி. ஆனால் அதை யாரிடமும் சொல்ல மாட்டான், லேசாகச் சிரிப்பான். பக்கத்தில் நிற்கும் உபதளபதி நம்மைப் போலவே முழிப்பார். நாற்பது பக்கம் கழித்து விஷயம் வெளியே வரும்போது, "அட, அந்தப் படகை அங்கே விட்டது இதற்குத்தானா!" என்று பின்னால் புரட்டிப் பார்ப்போம். மனிதர்களைப் படைப்பதில் கல்கிதான் பெரியவர், அதில் சண்டை போட மாட்டேன். காய் நகர்த்துவதில் இவர்.

சரித்திரம் சரியாக இருக்குமா என்றும் கேட்பார்கள். கதைக்கு நடுவில் அடிக்குறிப்பு போடுகிறவர் அவர், அதனால் பயந்து நம்பிவிடத் தோன்றும். கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது. 'கடல் புறா'வின் நாயகன் கருணாகரத் தொண்டைமான் நிஜமான ஆள், கலிங்கத்துப் பரணியின் தளபதி. ஆனால் பரணி பாடும் கலிங்கப் போர் சுமார் 1110-ல் நடந்தது. நாவலில் வரும் இளவரசன் அநபாயன் இன்னும் குலோத்துங்க சோழனாக முடிசூடவில்லை. அது நடந்தது 1070-ல். நாவலின் வாலிபனே பரணியின் தளபதி என்றால், கலிங்கத்தை வென்றபோது அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். எனக்கென்னவோ அந்தக் கிழவரைத்தான் இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் கல்வெட்டு ஒன்று கருணாகரத் தொண்டைமானைத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரிக்காரர் என்கிறது. அந்த நாட்டுக்குப் பெயர் தந்த திருநறையூர், நாச்சியார்கோயில் பக்கம். ஆக, கடாரம் வரை போன நாயகனும் கடைசியில் நம் பக்கத்து ஆள்தான். கோயிலுக்கு விளக்கு வைத்த அவருடைய மனைவியின் பெயரும் அதில் இருக்கிறது: அழகிய மணவாளனி மண்டையாழ்வார். நாவலின் நாயகிகளில் யார் உசத்தி, காஞ்சனாதேவியா, மஞ்சளழகியா என்று எங்கள் கடை வாசலில் கட்சி கட்டிச் சண்டை போட்டவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்ல எனக்கு அன்று தெரியாமல் போனது நல்லதுதான்.

குறைகள் நிறைய உண்டு, மறைப்பதற்கில்லை. நாயகிகள் வீரமாக அறிமுகமாவார்கள், வாள் எடுப்பார்கள். பாதிக்கு மேல் நாயகனின் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் வெட்கப்படுவதுமாக ஒடுங்கிவிடுவார்கள். ஒரு பெண்ணைப் பற்றி எழுதியதை வேறு பெயர் போட்டு இன்னொரு நாவலில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. என் மகள் கல்லூரி விடுமுறையில் 'யவன ராணி' எடுத்தாள். எழுபது பக்கம் போனதும், "அப்பா, இவரு கண்ண மூடிக்கிட்டு எழுதவே மாட்டாரா?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. ஆனால் அவள் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை என்பதையும் கவனித்தேன். சின்னச் சின்னதாக எழுதிய நாவல்கள் பலவற்றில் அவசரம் தெரியும். எனக்கு அவற்றில் அவ்வளவு ஈடுபாடு கிடையாது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 'மன்னன் மகள்' எடுங்கள். ஒரே புத்தகம், ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பு, வேங்கிநாட்டு அரசியல், ஓட்டம் குறையாது. பிடித்தால் 'யவன ராணி'. 'கடல் புறா'வுக்குப் போவதென்றால் மூன்று பாகத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். முதல் பாகம் முடியும்போது ராத்திரி ஒரு மணி ஆகியிருக்கும், கணக்குப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.