வெண்புள்ளியும் தோல் புற்றுநோயும்

கேள்வி: கொழுந்து பறிக்கும் என் அம்மாவின் கைகளில் பரவும் வெண்புள்ளியை வைத்தியர் விட்டிலிகோ என்கிறார். இது தொற்றுமா? புற்றுநோயாகுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இரண்டும் இல்லை, லயக் குடியிருப்பில் யாரும் அவருடைய கோப்பையைத் தனியே வைக்க வேண்டாம். உடலைக் காக்கும் டி கலங்கள், தோலுக்கு நிறமூட்டும் கலங்களையே பகையெனக் கருதி அழிப்பதால் இந்நோய் வருகிறது. அதே நிறக் கலங்களில் எழும் மெலனோமா என்னும் புற்றுநோய்க்கு, டி கலங்களைக் கட்டுப்படுத்தும் தடையை விலக்கும் மருந்துகளைக் கொடுக்கையில் சிலருக்கு வெண்புள்ளி தோன்றுவதும், அத்தகையோரிடம் சிகிச்சை பெரும்பாலும் நன்கு பலிப்பதும், இவ்விரு நோய்களையும் சேர்த்தே ஆராயத் தூண்டியுள்ளன. அத்தடையை விலக்கும் வழிக்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்ஜோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

மலையில் குளிரடித்தாலும் புறஊதாக் கதிர் குறைவதில்லை; நிறமிழந்த தோல் எளிதில் கருகுமாதலால் அம்மா நீளக்கைச் சட்டை அணியட்டும். கருநிறத் தோலினருக்கு மெலனோமா உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதுண்டு. அங்கே பெரிதாகிவரும் கரும்புள்ளியை யாரிடம் கண்டாலும் உடனே வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.