பெட்டியில் 525 மடங்கு, வானத்தில் வெறும் குழம்பு

கேள்வி: மகள் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்ததற்காக ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தேன். வில்லை 60 மில்லிமீற்றர், குவியத்தூரம் 700. பெட்டியில் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சப்தரிஷி மண்டலத்து வசிஷ்ட நட்சத்திரம் இரட்டை என்று படித்துவிட்டுப் பார்த்தாள். நடுங்கும் வெளிச்சக் குழம்புதான் தெரிந்தது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: பெட்டியிடம் ஏமாந்தீர்கள். கருவியிடம் ஏமாந்தீர்களா என்பதை வசிஷ்டரே சொல்லிவிடுவார்.

அந்த 525 எப்படி வந்தது? 700ஐ, கூட வந்த 4 மி.மீ. பார்வைத்துண்டால் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லை) வகுத்தால் 175. அதை மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லையால் பெருக்கினால் 525. கணக்கு சரி, காட்சிதான் வராது. ஒரு தொலைநோக்கி தாங்கும் உருப்பெருக்கம், வில்லையின் விட்டத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்குதான், உங்களுடையதற்கு 120. அதற்கு மேலே போனால் மங்கலையே பெரிதாக்கிப் பார்க்கிறோம். முக்காலியின் ஆட்டமும் அதே அளவுக்குப் பெருகும்.

மகளிடம் சொல்லுங்கள்: பார்லோவைக் கழற்றிவிட்டு 20 மி.மீ. துண்டைப் போடட்டும். 35 மடங்குதான், ஆனால் அது போதும். கல்யாண வீட்டில் காட்டும் அருந்ததி சற்றுத் தள்ளித் தனியாக நிற்கும். அதை வெறுங்கண்ணாலேயே பிரித்துவிடலாம். அவள் தேட வேண்டியது வசிஷ்டருக்கு ஒட்டினாற்போல் இருக்கும் மங்கலான துணையை. இடைவெளி சுமார் 14 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு), 60 மி.மீ. வில்லை 2 விகலை வரை பிரிக்கக்கூடியது. 1617இலேயே கலிலியோவின் மாணவரான கஸ்தெல்லி அக்காலத்துக் குழாயால் கண்டது இது. மார்ச் மாதம் இரவு பதினொரு மணியளவில் வடகிழக்கில் பாருங்கள். ஜூனில் உங்கள் பக்கத்து மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அப்போது மலைக்கு மறுபக்கம், மேகம் குறைந்த பண்டாரவளையில் உறவினர் இருந்தால் அங்கே கொண்டுபோகலாம்.

35 மடங்கில் குவியத்தைச் சரிசெய்தபின் நட்சத்திரம் கூர்மையான புள்ளியாகி இரண்டாகப் பிரிந்தால் கருவி நல்லது. வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு திருகியும் வால் முளைத்தாற்போல் இழுபட்டே நின்றால் வில்லையில் குறை. அப்போது பற்றுச்சீட்டுடன், வாங்கிய மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள். பெட்டியின் பெருமையை மட்டும் வைத்துப் போராடினால் கடைக்காரர் மேலே சொன்ன கணக்கையே காட்டுவார், தொல்லை உங்களுக்குத்தான்.

இன்னொன்று. பெட்டிக்குள் ‘சூரியன்’ என்று எழுதிய சிறு கறுப்புக் கண்ணாடி இருந்தால் இன்றே உடைத்து எறியுங்கள். வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும்.

மலைநாட்டு ஈரத்தில் வில்லையில் பூஞ்சை பிடிக்கும். பனி காய்ந்தபின், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.